பத்துக் கோடி பவுன் தோண்டிய கைகளுக்கு என்ன பாக்கி?

கோலார் தங்கவயலில் ரயிலை விட்டு இறங்கி ஊருக்குள் நடப்பவன் கண்ணில் முதலில் படுவது தங்கமல்ல. சாம்பல் நிறத்தில் குன்று குன்றாக நிற்கும் மண்மேடுகள்தான். உள்ளூர் ஜனங்கள் அவற்றைச் ‘சயனைடு மலை’ என்கிறார்கள். இயற்கை படைத்த மலையல்ல அது. பாதாளத்திலிருந்து பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து, மாவாக இடித்து, பாதரசத்திலும் சயனைடு நீரிலும் போட்டுத் தங்கத்தை உறிஞ்சிக்கொண்டு கொட்டிய சக்கை. மூன்று கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. அத்தனையும் மனிதக் கை பட்டு மேலே வந்த மண்.

இந்தச் சக்கைக்கு இப்போது கிராக்கி வந்துவிட்டது. தங்கத்தின் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில் சக்கைகூட சரக்காகிவிட்டது! ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் நிற்கும் 13 மேடுகளை ஏலம்விட்டு மறுபடியும் தங்கம் எடுக்கலாம் என்பது மத்திய சர்க்காரின் யோசனை. அதற்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. ஒரு டன் மண்ணைச் சலித்தால் ஒரு கிராம் தேறுவதே அபூர்வம். ஆனாலும் மொத்தத்தில் 20 டன்னுக்கு மேல் தங்கம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போடுகிறவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். மூலைத்தெரு மளிகைக்காரன்கூட பழைய பாக்கியைப் பார்த்துவிட்டுத்தான் புதுக் கணக்கு எழுதுவான். தங்கவயலின் பழைய பாக்கி தீர்ந்துவிட்டதா? அந்த மேட்டை உண்டாக்கியவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதா?

இதைப் படிக்கும் மில் தொழிலாளியும், வயலில் கூலிக்கு இறங்கும் தோழனும் ‘கர்நாடகத்து விஷயம் நமக்கெதற்கு’ என்று தாளைப் புரட்டிவிட வேண்டாம். அந்தப் பாதாளத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன பண்ணையாட்கள், சேரி ஜனங்கள். உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள், ‘எங்கள் பாட்டனாரின் அண்ணன் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர்’ என்று சொல்ல ஒரு வீடாவது இருக்கும்.

சினிமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் இந்த ஊரின் பெயரை வைத்து ஒரு படம் வந்து பணத்தை வாரிக் குவித்தது. அதுதான் தங்கவயலின் சரித்திரமா என்று நம்மிடம் இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒரே ஒரு வீரன் கத்தியும் துப்பாக்கியும் எடுத்து அடிமைகளை மீட்பதாகக் கதை. நிஜமான தங்கவயலில் அப்படியொரு ஒற்றை வீரன் வரவில்லை. அங்கே வந்தது யூனியன். அதைப் படமெடுத்தால் ஓடாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தங்கத்தைக் கண்டுபிடித்தது யார்?

வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். விஷயம் அப்படியல்ல.

1799-ல் திப்பு வீழ்ந்தான். அதன்பின் மைசூரின் கிழக்கெல்லையை அளப்பதற்காக 1802-ல் ஜான் வாரன் என்ற லெப்டினென்ட் இந்தப் பக்கம் வந்தான். மண்ணில் பொன் கிடைக்கிறதாம் என்ற பேச்சு அவன் காதில் விழுந்தது. தங்கத்தைக் காட்டுகிறவர்களுக்கு இனாம் என்று சொல்லிப் பார்த்தான். ஊரிகம் கிராமத்து ஜனங்கள் வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவன் கண்ணெதிரிலேயே அலசி, பொன்துகளை எடுத்துக் காட்டினார்கள். பிறகு மாரிக்குப்பத்துக்குப் போனான். அங்கே ஆண்கள் ஆழமான குழிகளுக்குள் இறங்கிக் கல்லை வெட்டி, சின்னக் கூடைகளில் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதைப் பாறைமேல் போட்டு இடித்துத் தூளாக்கி, தண்ணீரில் அலசினார்கள். இந்த வேலையைச் செய்தவர்கள் பறையர்கள் என்றே அவன் எழுதி வைத்தான். ஆக, வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது தங்கத்தையல்ல; தங்கம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர்களை!

அந்த மனிதர்களுக்கு என்ன நடந்தது? குழிகளில் விபத்து நேர்கிறது என்று சொல்லி 1859-ல் மைசூர் சர்க்கார் சுரங்கம் தோண்டுவதைத் தடை செய்தது. ஏழை இறங்கினால் ஆபத்து. ஆனால் 1871-ல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரன், நியூசிலாந்தில் மாவோரி ஜனங்களோடு சண்டை போட்டுத் திரும்பிய மாஜி சிப்பாய், தங்க ஆசையோடு கோலாருக்கு மாட்டுவண்டி ஏறினான். 1873-ல் மனு போட்டான். 1875-ல் அவனுக்கு 20 வருஷ உரிமை கிடைத்தது. அப்போது ஆபத்து எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது.

லாவெலிடம் மூலதனமில்லை. அவன் உரிமை கைமாறிக் கைமாறி, 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் நீலகிரிச் சரிவில் தேவாலா, பந்தலூர்ப் பக்கமும் தங்கம் தங்கமென்று லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் கிளம்பின. பங்குப் பத்திரம் விற்றவன் பிழைத்தான், வாங்கியவன் கவிழ்ந்தான், இரண்டு மூன்று வருஷத்தில் அந்தக் காட்டில் துருப்பிடித்த யந்திரங்கள்தான் மிச்சம். கோலாரும் அப்படித்தான் முடிந்திருக்கும். போட்ட பணமெல்லாம் கரைந்து, மூட்டை கட்டும் நிலைமைக்குக் கம்பெனி வந்துவிட்டது. கடைசித் தவணைப் பணத்தை வைத்துக்கொண்டு பிளம்மர் என்ற சுரங்கக்காரன் என்ன செய்தான்? பழைய ஜனங்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கு அடியில் இறங்கிப் பார்த்தான். அங்கேதான் ‘சாம்பியன்’ என்று பிற்பாடு உலகமெல்லாம் பேர்பெற்ற தங்க ரேகை அகப்பட்டது. பெயர் தெரியாத நம் முன்னோர் உளி பிடித்துக் காட்டிய வழியில்தான் லண்டன் சீமான்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள்.

அந்தத் தங்கப் பாறை, கோலார்ச் சீமையில் வடக்குத் தெற்காக 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அதில் சில மைல் தூரத்துக்குள்தான் இத்தனை செல்வமும். மைசூர் சுரங்கம், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று வரிசையாகச் சாப்டுகள். 1880-லிருந்து 2001 வரை இங்கிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். டன் என்றால் நமக்குப் பிடிபடாது. பவுனாகச் சொல்லுகிறோம்: எட்டு கிராம் ஒரு பவுன் என்றால் பத்துக் கோடி பவுன்! ஆரம்பத்தில் ஒரு டன் கல்லுக்கு 47 கிராம் வரை கிடைத்தது. கடைசிக் காலத்தில் 3 கிராம். அதாவது ஒரு பவுனுக்கு இரண்டே முக்கால் டன் பாறை. நம் வீட்டுப் பெண்பிள்ளை கழுத்தில் கிடக்கும் ஒற்றைப் பவுன் தாலிக்குக் கிட்டத்தட்ட மூன்று வண்டிப் பாரம் கல்லை ஒருவன் பூமிக்கடியில் உடைத்திருக்கிறான்.

இதில் மைசூர் ராஜாவின் சர்க்காருக்கு ‘ராயல்டி’ என்ற பெயரில் நூற்றுக்கு ஐந்து. பங்கு லாபம் லண்டனுக்கு. மண் கோலாருக்கு. சிலிக்கா தூசி தொழிலாளியின் நெஞ்சுக்கு.

பண்ணையிலிருந்து பாதாளத்துக்கு

தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876-78 பஞ்சம், வட ஆற்காட்டுச் சேரிகளைச் சூறையாடிவிட்டுப் போன சூட்டில்தான் இந்தச் சாப்டுகள் திறந்தன. மேஸ்திரிகள் கிராமம் கிராமமாக வந்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள், ஆள் கட்டினார்கள். இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். பாட்டாளியைச் சுரங்கத்துக்குள் தள்ளியது கம்பெனி மட்டுமல்ல. மேல்சாதி மிராசுதாரனின் புளியமரத்துச் சவுக்கும் தள்ளிற்று. சாப்டுக்குள் செத்தாலும் சாவேன், இந்தப் பண்ணையில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கமாட்டேன் என்று போனவர்கள் உண்டு. அங்கே போன பிறகு கையில் ரொக்கக் கூலி, மாலையில் தனக்கென்று இரண்டு மணி நேரம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், படிக்கப் பத்திரிகை. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ பத்திரிகைக்குத் தங்கவயலில் நல்ல ஆதரவு. 1914-ல் பண்டிதர் மறைந்து சில வருஷங்கள் கழித்து அந்தப் பத்திரிகையே தங்கவயலிலிருந்து வெளிவந்தது. ஊரில் எழுத்தறியாதவன் என்று ஒதுக்கப்பட்டவன், சுரங்க லைனில் வாசகசாலை வைத்தான். இதைச் சொல்வதால் கம்பெனிக்குப் புகழ் சேராது. நம் கிராமங்களின் லட்சணம்தான் வெளியே தெரியும்.

கம்பெனி கொடுத்த வீடு எப்படிப்பட்டது? மூங்கில் தட்டியும் மண்ணும் வைத்த ஒற்றையறைக் குடிசைகள், முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைகள். கூலி லைன் என்று பெயர். பக்கத்திலேயே துரைமார்களுக்கு ஓட்டு பங்களா, கிளப், கோல்ப் மைதானம். சின்ன இங்கிலாந்து என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 1902-ல் காவேரி நீர் விழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் உற்பத்தியாகி, 92 மைல் கம்பி வழியாக நேரே தங்கவயலுக்கு ஓடிவந்தது. பெங்களூர் வீதிக்கு மின்விளக்கு வந்தது 1905-ல்தான். ராஜாவின் பட்டணத்துக்கு முன்னே யந்திரத்துக்கு மின்சாரம்! தொழிலாளியின் லைன் வீட்டிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய்ச் சிமினிதான்.

ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவனைச் சோதிப்பதற்குத் தனிக் காவல் படை. தங்கம் கலந்த மண் கையில் இருப்பதே குற்றம். நான் திருடவில்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவன் பொறுப்பு. இப்படி ஒரு சட்டம். 1930-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எல்லாத் தொழிலாளியும் கைரேகை பதிய வேண்டும் என்றார்கள். நாங்கள் என்ன திருடர்களா, கேடிகளா என்று ஆயிரக்கணக்கான ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டு லைனில் உட்கார்ந்துவிட்டார்கள். யூனியன் என்ற பெயரில் அன்று ஒரு ஸ்தாபனமும் அங்கே இல்லை, தலைவர்களும் இல்லை. இருந்தும் கைரேகைப் புத்தகத்தைக் கம்பெனி மூடி வைக்க வேண்டியதாயிற்று. கூலிக்கு முன்னால் மானத்துக்காக நடந்த வேலைநிறுத்தம் அது.

பாதாளத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாம்பியன் ரீப் சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டர் ஆழம் போயிற்று. இரண்டு மைல்! நம் ஊரிலிருந்து பக்கத்து ஊர்ச் சந்தைக்கு நடக்கும் தூரத்தை அப்படியே செங்குத்தாகப் பூமிக்குள் நிறுத்திப் பாருங்கள். ஒரே கூண்டில் அவ்வளவு ஆழம் போக முடியாது. ஒரு சாப்டில் இறங்கி, நடந்து, இன்னொரு சாப்டில் இறங்க வேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றைக் கீழே இறக்கக் கம்பெனி பெரிய யந்திரம் வைத்தது. தொழிலாளி வெந்து போகிறானே என்ற இரக்கமா? வெந்த மனிதன் துளை போட முடியாது, தங்கம் வராது.

அதைவிடப் பெரிய எமன் பாறை வெடிப்பு. அத்தனை ஆழத்தில் மேலே இருக்கும் மலையின் பாரமெல்லாம் தோண்டிய வெற்றிடத்தை நெருக்குகிறது. ஒரு கணத்தில் பாறை பீரங்கிபோல் வெடித்துச் சிதறும். முந்திய நாளில் இதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர். மேலே ஊரில் பாத்திரம் உருளும், சுவர் விரியும், பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து சாப்டுப் பக்கம் பார்ப்பார்கள். எந்த ஷிப்ட், யார் வீட்டு ஆள் என்று தெரிகிற வரைக்கும் அடுப்பு எரியாது. கருங்கல்லை அடுக்கி அடுக்கி முட்டுக்கொடுத்துத்தான் அந்தச் சுரங்கத்தை நிறுத்தி வைத்தார்கள். இந்த ஆழத்தில்தான் 1965-ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோ என்ற அணுத்துகளை வான்வெளியிலிருந்து வருவதாகப் பிடித்துக் காட்டினார்கள். உலகமே வியந்தது. அவர்கள் கருவியை வைப்பதற்குப் பள்ளம் வெட்டியதும் இதே கைகள்தான்.

வெடித்துக் கொல்வதாவது ஒரு நொடியில் முடிந்துவிடும். தூசி கொல்வதற்கு இருபது வருஷம் பிடிக்கும். தங்கம் குடியிருப்பது வெள்ளைக் கல்லில். அதைத் துளைக்கும்போது கிளம்பும் மாவு நெஞ்சுக்குள் போய்ப் படிந்து, நுரையீரலைக் கல்லாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்று பெயர். மருந்து கிடையாது. மில்லில் பஞ்சுத் தூசி குடிக்கும் தோழர்களுக்கு இதன் தன்மை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுபது வருஷம் தோண்டிய பிறகு, 1940-ல்தான் இதற்கு நஷ்டஈடு உண்டென்று மைசூரில் விதி செய்தார்கள். அடுத்த சில வருஷங்களில் 7,600 பேருக்கு மேல் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் இந்த நோய்! ஒரு கூண்டில் பத்துப் பேர் இறங்கினால் நாலு பேர். அதற்கு முன்னால் அறுபது வருஷமாக இருமி இருமிச் செத்தவர்களை யார் எண்ணினார்கள்? அவுன்ஸ் கணக்கில் தங்கத்தை எழுதிய பேரேடுகள் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சாவுகளுக்குப் பேரேடு கிடையாது.

சிவப்புக் கொடி சும்மா ஏறவில்லை

செங்கொடி யூனியன் அந்த லைன்களில் வேரூன்றியது 1940-களில். 1946-ல் பல வாரங்கள் நீடித்த வேலைநிறுத்தம் நடந்தது. அந்த வருஷம் நவம்பர் 4-ந் தேதி போலீஸ் சுட்டதில் ஆறு தோழர்கள் மாண்டார்கள். தங்கவயலில் இன்றைக்கும் அந்தத் தேதி மறக்கவில்லை. 1952-ல் வந்த முதல் பொதுத்தேர்தலில் இந்தச் சுரங்க ஜனங்கள் மைசூர் சட்டசபைக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் கம்யூனிஸ்ட் தோழர் கே.எஸ்.வாசன்.

1956 நவம்பரில் சுரங்கம் மைசூர் சர்க்காரின் சொத்தாயிற்று. 1962-ல் மத்திய சர்க்கார் கைக்குப் போயிற்று. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனி பிறந்தது. வெள்ளைக்காரன் போனான், துரை பங்களாவில் நம்மவர் குடிபுகுந்தார். இந்த மாற்றத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். உத்தியோகப் பாதுகாப்பும், பென்ஷனும், ஆஸ்பத்திரியும் போராடிப் பெற்ற உரிமைகள். ஆனால் ஒரு சூது நடந்தது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளி மார்க்கெட்டில் தங்கம் கொழுத்த விலைக்கு விற்ற அதே காலத்தில், கோலார்த் தங்கத்தை அவுன்சுக்கு 35 டாலர் என்ற சர்வதேச விலைக் கணக்கில் மத்திய கஜானா எடுத்துக்கொண்டது. நாட்டின் அந்நியக் கடனுக்கு அந்தத் தங்கம் கைகொடுத்தது. நல்லது, நாட்டுக்குத்தானே போயிற்று? ஆனால் கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள்? சுரங்கம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று! பசுவின் பாலை அரை விலைக்குக் கறந்துகொண்டு, இந்தப் பசு தீனிக்குக் கட்டுபடியாகவில்லை என்று சொன்ன கதை.

அந்த நஷ்டப் பல்லவி ஓயவேயில்லை. 1992-ல் நலிந்த கம்பெனி என்று முத்திரை குத்தினார்கள். புது முதலீடு இல்லை, புதுத் தேடல் இல்லை. 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு இழுத்து மூடினார்கள். தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. 120 வருஷம் தோண்டிய பாதாளத்தில் தண்ணீர் ஏறியது. உலக டெண்டர் விடலாம் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் வழிவிட்டது. அதற்கும் பிறகு எத்தனையோ மந்திரிகள் வந்து பார்த்துப் போட்டோ பிடித்துக்கொண்டார்கள். கூண்டு இறங்கவில்லை.

நாம் அங்கே போயிருந்தபோது பார்த்ததைச் சொல்லுகிறோம். விடியாத இருட்டில் மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் சோற்று டப்பாவும் கையுமாக ஜனங்கள் நிற்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகனும் பேத்தியும்தான். பெங்களூரில் காவல் வேலைக்கு, கட்டிட வேலைக்கு, தையல் பாக்டரிக்கு, துப்புரவு வேலைக்கு. போக இரண்டு மூன்று மணி நேரம், வர இரண்டு மூன்று மணி நேரம். பாட்டன் இரண்டு மைல் கீழே போய் வந்தான். பேரன் அறுபது மைல் பக்கவாட்டில் போய் வருகிறான். பாட்டனுக்காவது யூனியன் இருந்தது.

லைன் வீடு ஒன்றில் ஒரு பெரியவரைக் கண்டோம். துளை போடும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். வாசற்படி இரண்டு ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்கினார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, தலையணை உறையில் சுற்றிவைத்த எக்ஸ்ரே படங்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு டாக்டர் டி.பி. என்றாராம், இன்னொருவர் ஆஸ்துமா என்றாராம். அவருக்கு என்ன நோய் என்று அவருக்கே தெரியும். காகிதத்தில் எழுதித் தருவாரில்லை. வெளியே ஆடிக் காற்று வீசினால் சயனைடு மேட்டிலிருந்து மெல்லிய மண் பறந்து அந்த வீட்டுச் சோற்றுப் பானை மேலும் படிகிறது. சுரங்கத்துக்குள் விழுங்கியது போதாதென்று, வெளியிலும் அதே மண்.

இனி ஏல விஷயத்துக்கு வருவோம். சக்கையிலிருந்து தங்கம் எடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அந்த மேடு அங்கேயே கிடப்பதால் யாருக்கும் நன்மையில்லை. ஒழுங்காகச் செய்தால் தூசியும் தொலையும், வேலையும் கிடைக்கும். ஆனால் யார் செய்வது, எப்படிச் செய்வது? தனியார் கம்பெனி ஏலத்தில் எடுத்தால், நல்ல மேட்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, மறுபடியும் விஷத்தைக் கலக்கிவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவான். லாவெல் காலத்திலிருந்து பார்த்த வித்தைதானே! கோலாருக்கு வடக்கே ராய்ச்சூர்ச் சீமையில் ஹட்டி தங்கச் சுரங்கத்தைக் கர்நாடக சர்க்காரின் கம்பெனியே நடத்தி வருகிறது. சர்க்காரால் முடியாது என்று சொல்வதற்கு வாயில்லை.

பொதுத்துறையே இதைச் செய்யட்டும். செய்வதற்கு முன் பழைய பாக்கியைத் தீர்க்கட்டும். மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் லைன் வீடும் அடிமனையும் அந்தக் குடும்பத்தின் பேரில் எழுதப்பட வேண்டும். ஏலத்துக்கு நிலம் தேவை என்று ஒரு குடும்பத்தைக்கூட அசைக்கக் கூடாது. நிலுவையில் நிற்கும் பாக்கிப் பணம் எவருக்கு இருந்தாலும், இறந்தவராயின் அவர் விதவைக்கு, சேர வேண்டும். சுரங்கத்தில் இறங்கிய ஒவ்வொருவரின் நெஞ்சையும் சர்க்கார் செலவில் படம் பிடித்து, சிலிக்கோசிஸ் என்றால் சிலிக்கோசிஸ் என்றே எழுதித் தரவேண்டும். இது நடக்காத காரியமா? ராஜஸ்தானில் கல் உடைக்கும் ஜனங்கள் பல வருஷம் போராடி, 2019-ல் தனிக் கொள்கையே கொண்டுவரச் செய்தார்கள். நோயென்று சான்று பெற்றவனுக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாதாமாதம் உதவித்தொகை. பாலைவனத்துக் கல் தொழிலாளிக்குக் கிடைப்பது, பத்துக் கோடி பவுன் எடுத்துக் கொடுத்தவனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

வேலை விஷயமும் உண்டு. விடியற்கால ரயிலில் நிற்கும் அந்த இளைஞர்களுக்கு முதல் உரிமை. காண்ட்ராக்டர் கூலியாக அல்ல, நேரடி உத்தியோகமாக. மேட்டைத் தொடுமுன் தூசி பறக்காமல் நனைக்கவும் மூடவும் ஏற்பாடு, சயனைடு நீர் கிணற்றிலும் ஏரியிலும் இறங்காமல் தடுப்பு, அதைக் கண்காணிக்கும் கமிட்டியில் லைன் ஜனங்களின் பிரதிநிதி. இவையெல்லாம் ஏலப் பத்திரத்தில் முதல் ஷரத்துகளாக ஏறவேண்டும்; பிற்சேர்க்கையாக அல்ல.

தங்கவயல் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளுக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கினால், தமிழ்நாட்டில் குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கமுள்ள நமது கிளைகள் அந்தக் காகிதத்தை வீடு வீடாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏனென்றால் சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்றோ, நோய்வாய்ப்பட்டோ ஊர் திரும்பியவர்கள் அந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த ஜாபிதாவிலும் இல்லை. மூச்சு வாங்கும் பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவர் எந்தச் சாப்டில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை வேலை பார்த்தார் என்று இந்த வாரமே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எக்ஸ்ரே படம் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.